கிப்பர் பார்த்த சிவப்பு

“நாய்க்கு எல்லாமே கறுப்பு வெள்ளைதான், பாஸ். எங்க சித்தப்பா கடையில இருந்த பழைய டிவி மாதிரி.”

“யார் சொன்னா?”

“எல்லாரும்தான் சொல்றாங்க.”

“நாய் ஏதாச்சும் சொல்லிச்சா?”

“ஒண்ணுகிட்ட கேட்டேன். என் ஷூவை மோந்து பாத்துட்டுப் போயிடுச்சு.”

“அப்ப உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இந்த ஊருக்கு மட்டும் தெரியுமாம். அந்தத் தெரிஞ்ச விஷயத்தை வெச்சு நாளைக்கு ஒரு கிழவரைத் திருடன்னு சொல்லப்போறாங்க. நீ முதல்ல அந்த வேலியை விட்டு இறங்கு.”

ஸ்டாவ் இறங்கவில்லை. முள்கம்பி அவனுடைய கால்சட்டையைப் பின்பக்கம் பிடித்துவைத்திருந்தது. ஒரு கால் நோயல் ஸ்ட்ராகனின் நிலத்திலும் இன்னொரு கால் சாலையோரத்திலுமாக, மெல்போர்னில் மீன் பொரித்துக்கொண்டிருந்த தன் வாழ்க்கை எந்த இடத்தில் தடம் மாறியது என்று யோசித்தபடி அவன் நின்றான். வடக்கிலிருந்து வெந்த காற்று அடித்துக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அது ஓயவே இல்லை. காய்ந்த புல் நிமிர நேரமில்லாமல் படுத்தே கிடந்தது. ஈக்கள் ஓரிடத்தில் உட்காரவில்லை. ரோவினா கீலும் உட்காரவில்லை.

ரோவினா போலீஸ் வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறிகிறவள். ஐம்பதைத் தாண்டியவள், உயரமானவள், எதையும் பாதியில் விடத் தெரியாதவள். காரை ஓட்டுவதும் சாட்சிகளைச் சிரிக்க வைப்பதும் ஸ்டாவின் வேலை. இரண்டாவது வேலைக்குத் தனியாகச் சம்பளம் கேட்க வேண்டும் என்று அவன் நெடுநாளாக நினைத்துக்கொண்டிருக்கிறான்.

டூரங்கா என்ற இந்தச் சிறிய ஊருக்கு அவர்களை வரவழைத்தவள் பப்பின் முதலாளி டாட் ஃபெனர். அவளுடைய கவலை நேரடியானது. கிழவர் கிளாரி பீக்கும் அவருடைய நாய் கிப்பரும் வராவிட்டால் சனிக்கிழமை சாயங்காலம் பப்பில் கூட்டமே இருக்காது.

கிப்பர் செம்பட்டை நிறக் கெல்ப்பி. ஆடு மேய்க்கவென்றே பிறந்த இனம். பீர் பாட்டிலுக்கு மாட்டும் ரப்பர் உறைகளைத் தரையில் வரிசையாக வைப்பார்கள். ஒன்று சிவப்பு, மற்றதெல்லாம் பச்சை. நாய் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து சிவப்பைக் கவ்விக்கொண்டு போய்க் கிளாரியின் மடியில் வைக்கும். உறைகளை மாற்றினாலும், இடத்தை மாற்றினாலும், வெளியூர்க்காரன் தன் பையிலிருந்து எடுத்து வைத்தாலும் சிவப்புதான். தோற்றவன் பீர் வாங்க வேண்டும். இந்த வட்டாரத்தில் தோற்காதவன் யாருமில்லை.

வினை அங்கேதான் இருந்தது. கிடாவின் நெஞ்சில் பட்டை கட்டி, அதில் வண்ணக்கட்டி பொருத்தி மந்தைக்குள் விடுவார்கள். அது ஏறிய பெட்டையின் பின்பக்கத்தில் நிறம் ஒட்டிக்கொள்ளும். முதல் சுற்றுக்குச் சிவப்பு, அடுத்த சுற்றுக்குப் பச்சை. சிவப்புக்காரிகள் முன்னால் குட்டி போடுவார்கள், பச்சைக்காரிகள் பின்னால். ஸ்ட்ராகன் இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் கலந்து இந்தக் கடைக்கோடி நிலத்தில் மேயவிட்டிருந்தாராம். ஒரு நாள் காலையில் வந்து பார்த்தால் பச்சை அத்தனையும் இருக்கிறது, சிவப்பில் ஒன்றுகூட இல்லை. ஆடுகளை நிறம் பார்த்துப் பிரிக்கப் பட்டி வேண்டும், கதவு வேண்டும். அவை இருப்பது ஸ்ட்ராகனின் வீட்டையொட்டி, படுக்கையறை ஜன்னலுக்கு நேராக. இந்த வெட்டவெளியில் பிரிப்பதென்றால் ஒரு நாயால்தான் முடியும். சிவப்பை அறிந்த நாய் இந்த வட்டாரத்தில் ஒன்றே ஒன்றுதான்.

ஊர்ப் போலீஸ் சார்ஜென்ட் அதற்குமேல் யோசிக்காமல் கிளாரிமேல் திருட்டு வழக்குப் போட்டுவிட்டார். அவரும் கிப்பரிடம் பீர் தோற்றவர்.

நாளைக் காலை மாஜிஸ்திரேட் வருகிறார். இதற்கிடையில் ஸ்ட்ராகன் ஒரு வழி சொல்லியிருந்தார். நாயைச் சுட்டுவிட்டால், கிளாரி ஜெயிலுக்குப் போகாதபடி தானே மாஜிஸ்திரேட்டிடம் பேசுவதாக. இன்று பொழுது சாய்வதற்குள் கிளாரி பதில் சொல்ல வேண்டும்.

ஸ்டாவ் ஒருவழியாகக் கம்பியிலிருந்து விடுபட்டான். துணி கிழிகிற சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தபோது தொடையில் ஒரு பெரிய கறை.

“புதுப் பேண்ட், பாஸ். வேலிக்குப் பச்சைப் பெயின்ட் அடிச்சிருக்கான், ஒரு போர்டு வெக்கலை.”

ரோவினா அருகே வந்து கறையை விரலால் தேய்த்து முகர்ந்தாள். “பெயின்ட் இல்ல. ஆட்டுப் பின்பக்கத்துல இருக்கிற பச்சை. ஊறல் எடுத்தா ஆடு கம்பத்துல தேச்சுக்கும்.”

“ஆக, ஒரு ஆடு உக்காந்த இடத்துல நான் உக்காந்திருக்கேன்.”

“வா, வேலியோரமா நடப்போம்.”

நடந்தார்கள். அவள் ஒவ்வொரு மரக்கம்பத்தின் முன்னும் குனிந்தாள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பைப் பார்த்தாள். ஒற்றையாக நின்ற யூகலிப்டஸ் மரத்தின் அடியைச் சுற்றி வந்தாள். ஆட்டின் இடுப்புயரத்தில் எங்கும் பச்சைத் தீற்றல்கள் இருந்தன. தொலைவில் ஆடுகள் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றன. இவ்வளவு தூரத்திலிருந்து அவை யாரோ போட்டுவிட்டு மறந்துபோன மூட்டைகள்போலத் தெரிந்தன.

“எனக்கு ஒரு சிவப்பு காட்டு. இன்னிக்குச் சாப்பாடு என் செலவு.”

“அதுக்காகத்தான் தொட்டிக்கு அடியிலகூடப் பாத்தேன். இல்ல.” ஸ்டாவ் ஈயை விரட்டினான். “மழை கழுவியிருக்கும்.”

“பச்சையை விட்டுட்டுச் சிவப்பை மட்டுமா? மழைக்கும் கலர் தெரியுமா?”

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். ஓர் ஈ உள்ளே போய்விட்டது.

நோயல் ஸ்ட்ராகன் ஊரின் விவசாயக் கண்காட்சிச் சங்கத்தின் தலைவர். தொப்பிகூடத் துவைத்துத் தேய்த்ததுபோல் இருந்தது. வீட்டுக்கு முன்னால் ஆழ்குழாய்த் தண்ணீர் பாய்ச்சி வளர்த்த புல்தரை, சுற்றியிருந்த வறட்சிக்கு நடுவே வேறொரு நாட்டிலிருந்து வெட்டிக் கொண்டுவந்து ஒட்டியதுபோல் பச்சையாக இருந்தது. அவர் தேநீரும் தேங்காய்த் துருவலில் உருட்டிய கேக்கும் கொடுத்தார். ஸ்டாவ் கேக்கைச் சாப்பிட்டான். ரோவினா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு புல்தரையின் ஓரமாக நடந்தாள்.

ஓர் இளம் நாய் ஓடிவந்து அவளுடைய காலடியில் படுத்தது. செம்பட்டை நிறம், கூர்ந்த காது.

“கிப்பர் மாதிரியே இருக்கே,” என்றாள்.

“அதோட குட்டிதான். ஸ்ப்ராட். கிளாரிகிட்ட நானே கேட்டு வாங்கினேன்.” ஸ்ட்ராகன் நாயைப் பார்க்காமல் சொன்னார். “அப்பனோட கண்ணு இதுக்கு வரலை.”

“அப்பன் பேரும் மீன், பிள்ளை பேரும் மீனா?” என்றான் ஸ்டாவ். “எங்க கடையா இருந்தா ரெண்டையும் மாவுல முக்கியிருப்போம்.”

ஸ்ட்ராகன் சிரிக்கவில்லை. ஸ்டாவ் இன்னொரு கேக்கை எடுத்துக்கொண்டான்.

கொட்டகைச் சுவரில் வைக்கோல் கட்டும் பிளாஸ்டிக் கயிறுகள் தொங்கின. ரோவினா போய் நீலத்தில் ஒரு சுருளும் சிவப்பில் ஒரு சுருளும் எடுத்து வந்து, பேச்சை விடாமலேயே இரண்டையும் பந்தாகச் சுற்றினாள்.

“அந்தச் சிவப்பு ஆடுங்க பச்சையோட சேந்து அங்க எத்தனை நாளா மேஞ்சுது?”

“கிடாவைப் பிரிச்சதுலேர்ந்து. எல்லாம் சார்ஜென்ட்கிட்டச் சொல்லியாச்சே.”

“அவர் எங்கிட்டச் சொல்லலை. என்னைப் பாத்தா அவருக்குத் தொப்பி இறுகிடுது.” அவள் நீலப் பந்தை எறிந்தாள். ஸ்ப்ராட் அம்புபோலப் பாய்ந்து, பந்து உருண்டு நிற்பதற்குள் கவ்விக்கொண்டு வந்தது. அவள் தட்டிக்கொடுத்துவிட்டுச் சிவப்புப் பந்தைக் கையில் எடுத்தாள்.

“அதை எடுக்காது,” என்றார் ஸ்ட்ராகன். “காத்து அதிகமா இருக்கு.”

அவள் எறிந்தாள். ஸ்ப்ராட் பாய்ந்தது. பந்து நின்றதும் அதற்கு என்ன ஆயிற்றோ, அருகில் வந்து அப்படியே தாண்டிப் போயிற்று. நின்றது. திரும்பியது. வட்டமடித்தது. நடுப்புல்லில் சிவப்புப் பந்து பழுத்த தக்காளிபோல் உட்கார்ந்திருந்தது. ஸ்டாவ் கண்ணை மூடிக்கொண்டே போய் எடுத்திருப்பான். நாய்க்கு அது அங்கே இல்லவே இல்லை. கடைசியில் காற்றின் எதிர்ப்பக்கம் வந்தபோதுதான் மூக்கு பிடித்துக் கொடுத்தது.

“மக்கு நாய்,” என்றார் ஸ்ட்ராகன். குரலில் கோபம் இல்லை; ஏதோ ஓர் அவசரம் இருந்தது. “கிளாரி என்ன சொன்னான்? நானே அவன் வீட்டுக்கு வரேன்னு சொல்லிடுங்க. நான் கெட்டவன் இல்லை. அந்த ஆளு இந்த வயசுல உள்ள போகணும்னு எனக்கு ஒண்ணும் ஆசை கிடையாது. ஆனா அந்த நாய் இருக்கிறவரைக்கும் இங்க எவன் ஆடும் பத்திரமில்லை.”

காரில் ஏறியதும் ரோவினா ஜன்னலை இறக்கினாள், ஏற்றினாள், மறுபடி இறக்கினாள்.

“கவனிச்சியா?”

“கேக் அருமை.”

“எடுக்காதுன்னு எப்ப சொன்னார்?”

ஸ்டாவ் யோசித்தான். கார் மண்சாலையில் குலுங்கியது. “நீங்க எறியறதுக்கு முன்னாடி.”

“பந்து என் கையில இருக்கும்போது. நீலத்துக்குச் சொல்லலை. அப்பவும் இதே காத்துதான்.” அவள் விரல்களால் கதவைத் தட்டிக்கொண்டே வந்தாள். “அவர் முன்னாடியே எறிஞ்சு பாத்திருக்கார். ஒரு தடவை இல்ல. இன்னொண்ணு. ஆடு காணாமப் போனவன் எதைக் கேப்பான்?”

“ஆட்டை.”

“இவர் காணாமப் போன ஆட்டைப் பத்தித் தானா ஒரு வார்த்தை பேசினாரா? ஆடு கெடைக்குமான்னு கேட்டாரா? நாயைக் கேக்கறார்.”

“அப்ப நாய்க்குச் சிவப்பு தெரியாது. நான் சொன்ன கறுப்பு வெள்ளைதான்.”

“கறுப்பு வெள்ளையா இருந்தா நீலத்தை மட்டும் எப்படி அப்படிப் பாஞ்சு எடுத்துச்சு? நீலம் தெரியுது. சிவப்பும் பச்சையும் ஒண்ணாத் தெரியுது போல. ரெண்டும் ஒரே காஞ்ச புல்லு நிறம்.”

ஸ்டாவ் வெளியே பார்த்தான். சாலையோர அறிவிப்புப் பலகை, டிராக்டர், தபால்பெட்டி என்று சிவப்பாக இருந்த ஒவ்வொன்றையும் அவன் மனதுக்குள் அழித்து அழித்து மண்ணோடு சேர்த்துப் பார்த்தான். உலகம் கொஞ்சம் காலியாகிவிட்டது. நீலம் மட்டும் மேலே அப்படியே இருந்தது. பிறகு ஒரு சந்தேகம் வந்தது.

“பாஸ், பிள்ளைக்குத் தெரியலைன்னா அப்பனுக்கும் தெரியாதுதானே? ஆனா அப்பன் ஊர் முழுக்கத் தோக்கடிக்குதே.”

“அதான் எனக்கும் உக்கார முடியலை. பெட்ரோல் பங்க்ல நிறுத்து. புது உறை வாங்கணும். எவன் கையும் படாதது.”

பங்க்கில் அவள் ஒரு சிவப்பு உறையும் சில பச்சை உறைகளும் வாங்கினாள். கல்லாவுக்குப் பக்கத்திலிருந்து ஒரு பொட்டலம் கேரமல் மிட்டாயும் எடுத்துக்கொண்டாள். அவள் இனிப்பே தொடமாட்டாள். வயதாகிறது என்று ஸ்டாவ் நினைத்துக்கொண்டான்.

கிளாரி பீக்கின் வீடு ரயில் வராத ரயில் பாதையை ஒட்டி இருந்தது. தகரக் கூரையைக் காற்று தூக்கித் தூக்கிப் போட்டது. கிளாரி மெலிந்து உலர்ந்த மனிதர். கதவோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வாயில் பெப்பர்மிண்ட். அது பல்செட்டில் பட்டு டக், டக் என்று ஓயாமல் ஒலித்தது. கிப்பர் அவருடைய செருப்பின்மேல் தாடையை வைத்துப் படுத்திருந்தது.

“டாட் அனுப்பின துப்பறியும் அம்மணியா? வாங்க. இந்த ஆளு யாரு, உங்க நாயா?”

“ஆமா,” என்றான் ஸ்டாவ். “ஆனா எனக்கு எல்லாக் கலரும் தெரியும்.”

“சாப்பாடு போடறாங்களா?”

“சிவப்பைக் கண்டுபிடிச்சாத்தான்.”

கிளாரி சிரித்தார். சிரிப்பு பாதி வழியில் நின்றது. அவருடைய கண் வாசலைத் தாண்டிச் சாலைக்குப் போய்த் திரும்பியது. பொழுது இன்னும் சாயவில்லை.

“ஒரு தடவை செஞ்சு காட்டுங்க,” என்றாள் ரோவினா.

ஸ்டாவ் பொட்டலத்தைப் பிரித்து உறைகளைத் தரையில் வரிசையாக வைத்தான். சிவப்பை நடுவில் வைத்தான். கிளாரி நாக்கைச் சொடுக்கினார். கிப்பர் எழுந்து, உடம்பைத் தாழ்த்தி, ஒவ்வொன்றையும் பார்த்துக்கொண்டே கடைசிவரை போனது. திரும்பி வந்தது. சிவப்பை எடுத்தது. கிளாரியின் மடியில் வைத்தது.

ஸ்டாவ் உறைகளைக் கலைத்தான். அவனே மறுபடி வைத்தான். இந்தத் தடவை சிவப்பை ஓரத்தில், முகம் கவிழ்த்து. கிப்பர் போனது, வந்தது, சிவப்பை எடுத்தது.

“பிரமாதம்,” என்று அவன் முனகினான். “பாஸ், உலகத்துலயே சிவப்பு தெரிஞ்ச ஒரே நாய் நம்ம கட்சிக்காரரோட நாய். அதை நாமளே நிரூபிச்சிட்டோம். கெளம்பலாமா?”

ரோவினா சுவருக்கும் கதவுக்குமாக நடந்தாள். தகரம் அடித்துக்கொண்டது. பிறகு கிளாரியின் முன்னால் நின்று கைப்பையைத் திறந்தாள்.

“கேரமல் சாப்பிடுங்க, கிளாரி. நல்லா இருக்கும்.”

“வாயில பெப்பர்மிண்ட் இருக்கு.”

“துப்பிடுங்க. உங்களுக்காகத்தான் வாங்கினேன்.”

வீடு தேடி வந்தவள் கொடுப்பதை மறுப்பது அவருக்கு வழக்கமில்லைபோல. எடுத்து வாயில் போட்டு ஒருமுறை கடித்தார். கடித்த பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார். வாய் திறக்கவில்லை. திறக்க முடியவில்லை. கேரமல் மேல்செட்டையும் கீழ்செட்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருந்தது.

“ஸ்டாவ், மறுபடி வை.”

வைத்தான். அவளே விரலைச் சொடுக்கினாள். கிப்பர் எழுந்து போனது. கடைசிவரை போய்த் திரும்பியது. மறுபடி போனது. நின்று கிளாரியைப் பார்த்தது, காதுகளை முன்னால் சாய்த்து, எதற்கோ காத்திருப்பதுபோல். அந்தக் கணத்தில்தான் ஸ்டாவுக்கு வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறதென்று உறைத்தது. காற்று இருந்தது, தகரம் இருந்தது. அந்த டக், டக் மட்டும் இல்லை. முதல் தடவையும் இரண்டாம் தடவையும் அது எப்போது நின்றது என்று அவன் நினைத்துப் பார்த்தான். நாய் சிவப்பின் எதிரே வந்தபோது.

கிப்பர் சிவப்பைக் கடந்து போய் ஒரு பச்சையைக் கவ்வியது. தயங்கித் தயங்கி வந்து மடியில் வைத்தது.

ஸ்டாவ் சிரித்துவிட்டான். நிம்மதியில் வந்த சிரிப்பு, அடக்க முடியவில்லை. கிப்பரின் காதுகள் பின்னால் ஒட்டிக்கொண்டன. அது நாற்காலிக்கு அடியில் போய் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் படுத்தது. ஸ்டாவின் சிரிப்பு தானாக நின்றது.

கிளாரி திரும்பி உட்கார்ந்து, கைக்குட்டையால் மறைத்துக்கொண்டு வாயைச் சரிசெய்தார். அதற்கு நேரமாயிற்று.

“எப்பக் கண்டுபிடிச்சீங்க?” என்றார் கடைசியில்.

“பெப்பர்மிண்ட் தீந்துட்டா நீங்க பந்தயத்துக்கே உக்கார மாட்டீங்கன்னு டாட் சொன்னா. அவ வேடிக்கையாத்தான் சொன்னா.”

“டாட்டுக்குத் தெரியுமா?”

“தெரியாது. சார்ஜென்ட்டுக்குத் தெரியாது. ஸ்ட்ராகனுக்கும் தெரியாது. அதான் உங்களைக் காப்பாத்தப்போவுது.” அவள் முதல்முறையாக ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “அந்தக் கடைக்கோடி நிலத்துல நாயால பிரிக்க முடியாது, எந்த நாயாலயும். மனுஷனாலயும் முடியாது, அங்க பட்டி இல்ல. அப்ப பிரிச்சது யாரு?”

“யாரு?”

“யாருமில்ல. அங்க பிரிக்கறதுக்கு எதுவுமே இல்ல. சிவப்பு ஆடு ஒண்ணுகூட அந்த நிலத்துக்குள்ள கால் வெக்கலை. கம்பத்துல பச்சை இருக்கு, தொட்டியில பச்சை இருக்கு, என் ஆளோட பேண்ட்ல பச்சை இருக்கு. சிவப்பு எங்கயும் இல்ல. ஸ்ட்ராகன் சிவப்பையெல்லாம் தன் வீட்டுப் பட்டியிலயே பிரிச்சு, சத்தமில்லாம எங்கயோ வித்துட்டார். பச்சையை மட்டும் அங்க ஓட்டிவிட்டார். அப்புறம் அவருக்கு ஒரு திருடன் வேணும், இன்ஷூரன்ஸ்காரனுக்குக் காட்ட. உங்க நாயை மனசுல வெச்சுக்கிட்டு, அதோட அளவுக்கு ஒரு பொய்யைத் தெச்சார்.”

“கிப்பரை நம்பினதால,” என்றான் ஸ்டாவ் மெதுவாக.

“முழுசா நம்பினார். அதுக்கப்புறம்தான் தன் நாயை வெச்சு எறிஞ்சு பாத்திருக்கார். சந்தேகம் வந்திருக்கு. உயிரோட இருக்கிற நாயை யாரு வேணும்னாலும் சோதிச்சுப் பாக்கலாமே. அதான் அதைச் சுடணும்னு இவ்வளவு அவசரம்.”

கிளாரி சந்தோஷப்படவில்லை. அவர் குனிந்து கையை நாற்காலிக்கு அடியில் விட்டு நாயின் முதுகைத் தேடினார்.

“ஆடு திருடினா இந்த ஊரு மன்னிச்சிடும், அம்மணி. திருட்டுக்காகக் கப்பல்ல ஏத்தி இங்க அனுப்பாத முப்பாட்டன் எவனுக்கு இருக்கான்? பப்புல ஏமாத்தினவனை மன்னிக்காது. நான் ஓசியில குடிச்ச பீரு அப்படி. அது மட்டுமில்ல. இந்தப் பக்கம் எல்லாப் பண்ணையிலயும் கிப்பரோட குட்டி ஒண்ணு நிக்குது. சிவப்பு தெரியும்னு வாங்கிட்டுப் போனவங்க.”

“நீங்க அப்படிச் சொல்லி வித்தீங்களா?”

“சொல்லலை. அவங்க சொல்லும்போது இல்லைன்னும் சொல்லலை.” அவர் நாயின் முதுகைத் தடவினார். “வேலியைக் காட்டுங்க. பச்சையைக் காட்டுங்க. நாயை இதுல இழுக்காதீங்க.”

“வேலி பத்தாது. சிவப்புக்கட்டி மட்டமான சரக்கு, வெயில்ல வெளுத்துடுச்சும்பார் ஸ்ட்ராகன். கண்காட்சிச் சங்கத் தலைவர் சொல்றதா, கம்பம் சொல்றதா? மாஜிஸ்திரேட் கண்ணு முன்னாடி கிப்பர் தப்பா எடுத்தாத்தான் அந்தப் பொய் உடையும். கோர்ட்டுக்குப் பின்னாடி முற்றம் இருக்கு. அங்க வெச்சுச் செய்யலாம்.”

“ஊரே வந்து நிக்கும்.”

“நிக்கும்.”

ஸ்டாவ் வாசலுக்குப் போனான். உட்கார்ந்திருக்க முடியவில்லை. ரயில் பாதைக்கு அப்பால் மண்சாலையில் புழுதி எழுந்து, காற்றில் சாய்ந்து, மறுபடி எழுந்தது. அதற்கு முன்னால் ஒரு வெள்ளை வண்டி. பின்தட்டில் எதுவும் ஏற்றாமல், ஓட்டுகிறவன் தொப்பியைக் கழற்றாமல் வந்துகொண்டிருந்தது.

“ஸ்ட்ராகன் வந்துட்டார்,” என்றான்.

கிளாரி எழுந்திருக்கவில்லை. நாற்காலிக்கு அடியிலிருந்து கிப்பரைப் பிடித்து மெல்ல வெளியே இழுத்தார். அது வர மறுத்தது. பிறகு வந்தது. அதன் மூக்கு நுனியில் ரப்பரின் தூசு ஒட்டியிருந்தது, கட்டைவிரலால் துடைத்துவிட்டார்.

“இவன்கிட்ட முடியாதுன்னு சொல்லி அனுப்பிடறேன்,” என்றார். “நாளைக்குச் செஞ்சிடுங்க.”

“கிளாரி, கேரமல் தேவையில்லை. நீங்க கோர்ட்டுக்கு உள்ளயே இருந்துடலாம். முற்றத்துக்கு வர வேண்டாம்.”

“வருவேன். நான் இல்லைன்னா அது தேடும்.” வண்டியின் சத்தம் நெருங்கியது. கிளாரி நாயின் இரு காதுகளையும் உள்ளங்கைகளால் பொத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார். “என்னைப் பத்தி என்ன வேணும்னாலும் பேசட்டும். ஆனா இது இன்னிக்கு வரைக்கும் யார் முன்னாடியும் தோத்ததில்லை. இது தப்பானதை எடுத்துட்டு வரும்போது யாரும் சிரிக்கக் கூடாதுன்னு அந்த மாஜிஸ்திரேட்கிட்ட நீங்க முன்னாடியே கேட்டு வெக்க முடியுமா?”